ஒரே நிரல், மூன்று கணினி: என்னுடையதில் ஓடுகிறது, மேக்கில் கறுப்புத் திரை, உபுண்டுவில் நகரவே மாட்டேன் என்கிறது

கெடிலக்கரை
சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன்.

பக்கத்துப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். கடலூரைச் சுற்றியுள்ள நிலத்தை முப்பரிமாணத்தில் காட்டும். ஒரு ஸ்லைடரை இழுத்தால் தண்ணீர் மட்டம் ஏறும். எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று பிள்ளைகள் பார்க்கலாம். 2015 நவம்பர் மழையில் எங்கள் வீட்டு வாசற்படி மூன்றும் முழுகின. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இன்று அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். தாழ்வான இடம் எது, மேடு எது என்று அவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்ற ஆசைதான்.

எழுதியது சி++ மொழியில்; படம் வரையக் கட்டளை கொடுக்க ஓப்பன்ஜிஎல், ஜன்னல் திறக்க ஜிஎல்எஃப்டபிள்யூ நூலகம். நில உயரத்துக்கு, விண்வெளியிலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு. கடலூரும் புதுச்சேரியும் ஒரே கோப்பில், வடக்கு 11, கிழக்கு 79 என்ற சதுரத்திலேயே அடங்கிவிடுவதால் அது வசதியாகப் போயிற்று.

என் வீட்டு விண்டோஸ் கணினியில், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில், நொடிக்கு 60 ஃபிரேம் வருகிறது. அதே நிரலை முத்தியால்பேட்டையில் இருக்கும் நண்பனின் மேக்புக்கில் போட்டால் வெறும் கறுப்பு. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. லாசுப்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டுவில் போட்டுப் பார்த்தோம். படம் வருகிறது, ஆனால் மவுஸை நகர்த்தினால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறது. மணல் இருக்க வேண்டிய இடமெல்லாம் கரி பூசியது போல இருக்கிறது. இது தவிர, படம் வருகிற இரண்டிலுமே தூரத்தில் இருந்து பார்த்தால் கரையோரத் தண்ணீர் படபடவென்று மினுங்குகிறது.

கண்காட்சியில் பள்ளி தரப்போவது ஒரு சாதாரண லேப்டாப், படம் வரையும் சில்லு (ஜிபியூ) இன்டெல். ஒரு கடையில் கேட்டேன். பிரச்சினை என்ன என்று கேட்காமலே என் கணினிக்குப் புது கார்டு வாங்கச் சொன்னார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

திருப்பாப்புலியூர்
சனி, இரவு 11:05

மூன்றிலும் டிரைவரை அப்டேட் செய்து பாருங்கள் தம்பி. பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

பாகூர்
ஞாயிறு, காலை 6:50

டிரைவரை அப்புறம் பார்ப்போம். தம்பி, உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, குறைந்தது நான்கு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் பயமாக இருக்கிறது. அவிழ்த்துத் தனித்தனியாக வைப்போம்.

முதல் வேலை, ஒவ்வொரு கணினியிலும் உண்மையில் யார் படம் வரைகிறார்கள் என்று தெரிந்துகொள்வது. நிரல் தொடங்கியதும் ஓப்பன்ஜிஎல்லிடம் மூன்று விவரம் கேட்டு அச்சிடுங்கள்: தயாரிப்பாளர், ரெண்டரர் (படம் வரைவது எது), பதிப்பு. மூன்றே வரிக் கோட். நான் பதினைந்து வருடமாகக் கிராஃபிக்ஸ் வேலை செய்கிறேன். இந்த மூன்று வரியைப் பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை. கார்டு பெட்டிக்குள் இருக்கிறது என்பதாலேயே அதுதான் வரைகிறது என்று அர்த்தமில்லை. விண்டோஸில் சரியான டிரைவர் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஓப்பன்ஜிஎல் 1.1 வந்து உட்கார்ந்துகொள்ளும். ரெண்டரர் பெயர் ஜிடிஐ ஜெனரிக் என்று இருக்கும். லினக்ஸில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் சிபியூவே உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக வரைகிறது என்று பொருள்.

இரண்டாவது, ஷேடர், அதாவது புள்ளிகளின் இடத்தையும் நிறத்தையும் ஜிபியூவில் கணக்கிடும் சிறு நிரல், கம்பைல் ஆனதா என்று கேட்கிறீர்களா? ஆகாவிட்டால் அந்தப் பிழைப் பதிவை எடுத்து அச்சிடுகிறீர்களா? மேக்கில் பிழைச் செய்தியே இல்லை என்கிறீர்கள். ஓப்பன்ஜிஎல் தானாக வாய் திறக்காது, நாம் கேட்டால்தான் சொல்லும்.

மூன்றாவது, ஷேடரின் முதல் வரியில் என்ன பதிப்பு எண் போட்டிருக்கிறீர்கள்?

கெடிலக்கரை
ஞாயிறு, காலை 9:15

பதிப்பு எண் 430 அண்ணா. இணையத்தில் பார்த்த ஒரு பாடத்தில் அப்படி இருந்தது. பிழைப் பதிவை நான் கேட்கவே இல்லை, இப்போதுதான் சேர்க்கிறேன். மற்ற இரண்டு கணினியிலும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

பாகூர்
ஞாயிறு, காலை 9:40

அப்படியென்றால் மேக்கின் கறுப்புத் திரைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆப்பிள் தன் கணினிகளில் ஓப்பன்ஜிஎல்லை 4.1 பதிப்போடு நிறுத்திவிட்டது. 2018இல் மொஜாவே வந்தபோது, இனி எங்கள் சொந்த மெட்டல்தான், ஓப்பன்ஜிஎல்லை வளர்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். 430 என்ற வரியைப் பார்த்ததும் மேக்கின் கம்பைலர் அந்த ஷேடரைத் தூக்கி எறிந்துவிடும். ஷேடர் இல்லாமல் வரைந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

330க்கு இறக்குங்கள். நீங்கள் செய்கிற வேலைக்கு அது தாராளம். ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. டெக்ஸ்ச்சருக்கு (பரப்பின் மேல் ஒட்டும் படம்) எத்தனையாவது இடம் என்று ஷேடருக்குள்ளேயே எழுதியிருந்தால் அது 4.2இல் வந்த வசதி. யூனிஃபார்முக்கு (சி++ பக்கத்திலிருந்து ஷேடருக்குப் போகும் மதிப்பு) இடம் எழுதுவது 4.3இல் வந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, பெயரைச் சொல்லி இடத்தைக் கேட்டு வாங்கி, சி++ பக்கத்திலிருந்து மதிப்பைக் கொடுங்கள். ஜன்னல் திறக்கும்போதும் 3.3, கோர் புரொஃபைல் (பழைய வசதிகளை நீக்கிய வடிவம்), ஃபார்வர்டு கம்பேட்டிபிள் மூன்றையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மேக் உங்களுக்கு 2.1ஐத்தான் கொடுக்கும்.

லாசுப்பேட்டை லேப்
ஞாயிறு, மாலை 4:20

உபுண்டு கணினி என் பொறுப்பில் இருப்பதுதான். இன்று விடுமுறை என்றாலும் போய் ஓட்டிப் பார்த்தேன். ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்று வருகிறது! உள்ளே நல்ல என்விடியா கார்டு இருக்கிறது, கோடை விடுமுறைக்கு முன்பு மாணவர்கள் அதில் பிளெண்டர் ஓட்டினார்கள். எனக்கே அதிர்ச்சி. இவ்வளவு நாளும் சிபியூதான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பாகூர்
ஞாயிறு, மாலை 5:02

அக்கா, நடுவில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆனதா? பயாஸில் செக்யூர் பூட் இயங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கதை இப்படி இருக்கும்: புதுக் கெர்னலுக்காக என்விடியா மாட்யூல் மறுபடியும் உருவாகியிருக்கும், ஆனால் அதில் கணினி நம்புகிற கையெழுத்து இருக்காது. செக்யூர் பூட் அதை உள்ளே விடாது. என்விடியா டிரைவரை நிறுவும்போதே நூவோ என்ற திறந்த டிரைவர் தடுக்கப்பட்டிருக்கும். ஆக இரண்டும் இல்லை. லினக்ஸில் ஓப்பன்ஜிஎல்லைத் தரும் மெசா நூலகம் கடைசிப் புகலிடமாக சிபியூவைப் பிடித்துக்கொள்கிறது. திரை வழக்கம்போலவே தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கொடுத்துப் பாருங்கள். டிரைவரோடு பேச முடியவில்லை என்று சொன்னால் இதுவேதான். டிரைவரை மறுபடி நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். கணினி மறுபடி எழும்போது நீல நிறத்தில் ஒரு திரை வரும். அதில் சாவியைப் பதிவு செய் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில நொடிதான் காத்திருக்கும், கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டே இருங்கள்.

லாசுப்பேட்டை லேப்
திங்கள், காலை 10:30

அப்படியேதான். முதல் முறை நீலத் திரையைத் தவறவிட்டேன், இரண்டாம் முறை பிடித்துவிட்டேன். இப்போது ரெண்டரர் வரியில் என்விடியா பெயர். படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மணல் மட்டும் இன்னும் கறுப்பு.

வில்லியனூர்
திங்கள், காலை 11:12

மணல் படத்தின் கோப்புப் பெயரைப் பாருங்கள். எனக்கு இதே நடந்தது. டிஸ்க்கில் இருந்த பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்து, நிரலுக்குள் சிறிய எழுத்து. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்பு.

கெடிலக்கரை
திங்கள், இரவு 8:55

வில்லியனூர் நண்பரே, நூற்றுக்கு நூறு. கேமராவிலிருந்து எடுத்த படம், கோப்பு வகை மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நானே குனிந்து எடுத்த மணல் அது. இப்போது வந்துவிட்டது. கோப்பு திறக்காவிட்டால் நிரல் சத்தம் போட்டு நிற்கும்படியும் எழுதிவிட்டேன்.

மேக்கில் கறுப்பு போய்விட்டது. ஆனால் முழுப் படமும் ஜன்னலின் இடது கீழ் மூலையில், கால் பங்கு இடத்தில் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆறுகளை மூன்று பிக்ஸல் தடிமனில் வரைந்திருந்தேன். மேக்கில் தென்பெண்ணையும் கெடிலமும் தலைமுடி மாதிரி மெல்லிசாக இருக்கின்றன.

முத்தியால்பேட்டை
திங்கள், இரவு 9:10

மேக் என்னுடையது. கால் பங்கு விஷயம் ரெட்டினா திரையால். ஜன்னல் அளவு 1280க்கு 720 என்று நீ கேட்கிறாய், உண்மையில் பின்னால் இருக்கும் பிக்ஸல் 2560க்கு 1440. வியூபோர்ட்டுக்கு (படம் வரையும் பரப்பு) ஜன்னல் அளவைக் கொடுக்காதே, ஃபிரேம்பஃபர் அளவை, அதாவது உண்மைப் பிக்ஸல் அளவைக் கேட்டுக் கொடு. இரண்டுக்கும் ஜிஎல்எஃப்டபிள்யூவில் தனித்தனி ஃபங்ஷன் இருக்கிறது. மவுஸ் மட்டும் ஜன்னல் அளவிலேயே வரும், கிளிக் செய்யும் இடத்தைக் கணக்குப் போடும்போது பெருக்கிக்கொள்.

பாகூர்
திங்கள், இரவு 9:48

சரியாகச் சொன்னீர்கள். ஆற்றுக் கோட்டுக்கும் காரணம் உண்டு. நீங்கள் கேட்டு வாங்கிய கோர் புரொஃபைலில் ஒன்றுக்கு மேல் கோட்டுத் தடிமன் கேட்டால் மேக் அதைப் பிழை என்று ஒதுக்கிவிடும். என்விடியா பெருந்தன்மையாக வரைந்து கொடுக்கும். ஆற்றைக் கோடாக வரையாமல், இரண்டு கரையும் உள்ள நாடாவாக முக்கோணங்களால் வரையுங்கள். எங்கேயும் ஒரே மாதிரி வரும். ஆறு கடலை நெருங்கும்போது அகலமாகிறது என்பதையும் அப்போதுதான் காட்ட முடியும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் வீட்டுக் கணினி நீங்கள் செய்த தவறுகளை எல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஓடுகிறது என்பது நிரல் சரி என்பதற்குச் சாட்சி இல்லை. மெசாவும் மேக்கும் விதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கும். முடிந்தால் தினமும் முத்தியால்பேட்டை மேக்கில்தான் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

வில்லியனூர்
செவ்வாய், காலை 7:30

ஒரு கேள்வி. இவ்வளவு அலைச்சலுக்குப் பதில் பிரௌசரிலேயே வெப்ஜிஎல்லில் எழுதிவிடலாமே? விண்டோஸில் குரோம் அதை டைரக்ட்3டி கட்டளையாக மாற்றிக்கொள்கிறது, மேக்கில் மெட்டலாக. அந்தத் தலைவலியை ஆங்கிள் என்ற நூலகம் ஏற்றுக்கொள்கிறது.

பாகூர்
செவ்வாய், காலை 8:05

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். இவருக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, எழுதிய நிரல் கையில் இருக்கிறது. அதோடு பிரௌசரிலும் ஜிபியூ முடக்கப்பட்டு சிபியூ வரையும் நிலை வரத்தான் செய்யும்; கணினி மாறினால் அதையும் சோதித்தாக வேண்டும். இப்போதைக்கு இதையே முடிப்போம்.

அந்த மினுங்கல்தான் எனக்குப் பிடித்த பகுதி, அதற்கு வருகிறேன். தம்பி, கேமராவின் நியர், ஃபார் (எவ்வளவு கிட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை வரைவது) எவ்வளவு? தண்ணீர் மட்டத்தை ஸ்லைடர் எப்படி ஏற்றுகிறது?

கெடிலக்கரை
செவ்வாய், பகல் 1:20

நியர் 0.1 மீட்டர், ஃபார் 1,00,000 மீட்டர். ஸ்லைடர் ஒவ்வொரு மீட்டராக ஏற்றும்.

பாகூர்
செவ்வாய், இரவு 10:15

நினைத்தேன். இதில் இரண்டு காரணம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

முதல் காரணம் டெப்த் பஃபர். எது முன்னால், எது பின்னால் என்று ஜிபியூ 24 பிட்டில் குறித்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் குறிப்பின் நுணுக்கத்தை நியர் தளத்துக்குப் பக்கத்திலேயே அள்ளிக் கொட்டிவிடுகிறது. தூரத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். சுமாரான கணக்கு: தூரத்தின் வர்க்கத்தை நியரால் வகுத்து, பின் 1,67,77,216 ஆல் வகுக்க வேண்டும். உங்கள் கேமரா 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், 0.1 நியரில் கிடைப்பது ஏறக்குறைய 2.4 மீட்டர். அதாவது பார்வைத் திசையில் அதைவிடக் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு பரப்பில் எது முன்னால் என்று அதற்குத் தெரியாது. நியரை 10 மீட்டர் ஆக்குங்கள், அதே இடத்தில் 2.4 சென்டிமீட்டர் கிடைக்கும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மூக்கு நுனியில் 10 சென்டிமீட்டரில் எதையும் காட்ட வேண்டியதில்லை. ஃபாரை எவ்வளவு குறைத்தாலும் இந்தப் பலன் வராது, நியர்தான் சாவி.

இரண்டாவது காரணம் உங்கள் தரவிலேயே இருக்கிறது. எஸ்ஆர்டிஎம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த அளவு. உயரத்தை முழு மீட்டராகத்தான் குறித்திருக்கிறார்கள். நம் கடலோரம் சமதளம். 2 மீட்டர், 3 மீட்டர் என்று ஒரே எண் பரந்து கிடக்கும். நீங்களும் தண்ணீரை முழு மீட்டராக ஏற்றுகிறீர்கள். ஸ்லைடர் 2இல் நிற்கும்போது, 2 மீட்டர் என்று குறிக்கப்பட்ட அத்தனை தரையும் தண்ணீரும் ஒரே தளத்தில் படுத்திருக்கின்றன. எந்த டெப்த் பஃபராலும் பிரிக்க முடியாது. கணக்கின் கடைசி இலக்கத்தை டிரைவர் எப்படி முழுமையாக்குகிறதோ அதன்படி ஒரு கணினியில் தரை ஜெயிக்கும், இன்னொன்றில் தண்ணீர் ஜெயிக்கும், கேமரா அசைந்தால் மாறி மாறி ஜெயிக்கும்.

ஆகவே தண்ணீர் ஷேடரில் அந்த இடத்தின் தரை உயரத்தையும் படித்து, ஆழம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் அந்தப் பிக்ஸலையே விட்டுவிடுங்கள். ஸ்லைடரையும் அரை மீட்டரில், 1.5, 2.5 என்று நிற்கச் செய்யுங்கள்.

லாசுப்பேட்டை லேப்
புதன், காலை 9:00

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ரேடார் மண்ணை மட்டும் பார்க்கவில்லை, தென்னந்தோப்பின் தலையையும் வீட்டுக் கூரையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. அந்தத் தரவுக்கு வைத்த இலக்கே 16 மீட்டருக்குள் பிழை என்பதுதான். உங்கள் திரையில் ஒரு தெரு காய்ந்திருப்பதைப் பார்த்து ஒரு தாய், நம் தெருவுக்கு ஆபத்தில்லை என்று நம்பிவிடக் கூடாது. இது நிலத்தின் போக்கைக் காட்டுவதற்கு மட்டும், வெள்ள எச்சரிக்கை அல்ல என்று திரையிலேயே பெரிதாகத் தமிழில் எழுதுங்கள்.

கெடிலக்கரை
புதன், இரவு 9:30

அக்கா, எழுதிவிட்டேன். ஸ்லைடருக்கு மேலேயே, சிவப்பில். தெருப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஆறு, ஏரி, ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். மினுங்கல் முழுவதும் நின்றுவிட்டது.

இப்போது பள்ளி லேப்டாப். விண்டோஸ், இன்டெல் ஜிபியூ. ரெண்டரர் வரியில் இன்டெல் என்று சரியாகவே வருகிறது. நொடிக்கு 7 ஃபிரேம்.

பாகூர்
வியாழன், காலை 6:40

ஜன்னலைக் கால் பங்காகச் சுருக்கி ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிக்ஸல் பாரம். கூடாவிட்டால் முக்கோணப் பாரம், அல்லது சிபியூ.

கெடிலக்கரை
வியாழன், காலை 7:25

கூடவில்லை. அதே 7.

பாகூர்
வியாழன், இரவு 9:05

ஒரு எஸ்ஆர்டிஎம் கோப்பில் 3601க்கு 3601 புள்ளி. ஒரு கோடியே முப்பது லட்சத்துக்குப் பக்கம். முழுவதையும் ஒரே வலையாக அனுப்புகிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 2,59,20,000 முக்கோணம். புள்ளிக்கு 32 பைட் என்றால் புள்ளிகளே 415 எம்பி. உங்கள் என்விடியா அதைத் தின்றுவிடும், இன்டெல் தன் சொந்த நினைவகம் இல்லாமல் கணினியின் ராமிலிருந்தே எடுத்துத் தின்ன வேண்டும்.

3600ஐ 60ஆல் வகுத்தால் 60க்கு 60 துண்டு. ஒரு துண்டில் 61க்கு 61, அதாவது 3721 புள்ளி. 65,536க்கு உள்ளேயே இருப்பதால் புள்ளிகளின் வரிசை எண்ணுக்கு (இண்டெக்ஸ்) 16 பிட்டே போதும், இட மிச்சம். எல்லாத் துண்டுக்கும் ஒரே வலையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, உயரத்தை 16 பிட் டெக்ஸ்ச்சரிலிருந்து வெர்டெக்ஸ் ஷேடரில் (புள்ளியின் இடத்தைக் கணக்கிடுவது) படியுங்கள். முழு உயரத் தரவும் 26 எம்பிக்குள் அடங்கிவிடும். கேமராவுக்கு வெளியே இருக்கும் துண்டை அனுப்பாதீர்கள். தூரத்துத் துண்டில் நான்கு புள்ளிக்கு ஒன்று போதும். விளிம்பில் விரிசல் விழாமல் இருக்க ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கீழ்நோக்கி ஒரு பாவாடை தைத்துவிடுங்கள். நெய்வேலிச் சுரங்கப் பள்ளத்தின் பக்கம் கேமராவைக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். நம் பக்கத்தில் செங்குத்தான சரிவு அங்கேதான் இருக்கிறது, தவறு இருந்தால் முதலில் அங்கே தெரியும்.

கெடிலக்கரை
அடுத்த புதன், இரவு 11:20

ஆறு நாள் ஆயிற்று. பாவாடை தைப்பதற்கே இரண்டு இரவு. இப்போது பள்ளி லேப்டாப்பில் 34. ஜன்னலைச் சுருக்கினால் 60 தொடுகிறது. ஆக, இப்போது பாரம் பிக்ஸல் பக்கம் வந்துவிட்டது, சரிதானே அண்ணா?

பாகூர்
வியாழன், காலை 6:30

மிகச் சரி. தண்ணீர் ஷேடரில் அலைக்காக எத்தனை முறை இரைச்சல் (அலையை ஒழுங்கற்றதாக்கும் தற்செயல் மதிப்பு) கணக்குப் போடுகிறீர்கள்? இரண்டோடு நிறுத்துங்கள்.

திருப்பாப்புலியூர்
வியாழன், காலை 10:10

நான் ஹார்டுவேர் வேலை செய்கிறவன், அதனால் ஒன்று கேட்கிறேன். லேப்டாப்பில் ராம் ஒரே குச்சியாக இருக்கிறதா? இன்டெல் ஜிபியூ ராமையே நம்பி இருப்பதால், இரண்டு குச்சி போட்டு இரட்டைத் தடத்தில் ஓடினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பள்ளிக்காக என்றால் என்னிடம் அதே வகையில் ஒரு 4 ஜிபி இருக்கிறது, கண்காட்சி முடிகிற வரை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சார்ஜரையும் மறக்காமல் செருகி வையுங்கள். பேட்டரியில் ஓடினால் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். அடியில் காற்றுத் துவாரம் மூடாமல் இரண்டு மரச்சட்டம் வைத்து உயர்த்துங்கள்.

கெடிலக்கரை
சனி, மாலை 6:45

அண்ணன் நேரில் வந்தே ராம் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரைச்சலையும் குறைத்தேன். 58, 60 என்று நிற்கிறது.

லாசுப்பேட்டை லேப்
திங்கள், காலை 11:40

புதுப் பதிப்பை இங்கே ஓட்டினேன். எண் 60 என்று காட்டுகிறது, கேமராவும் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் அலை மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது. போன வாரம் இப்படி இல்லை.

பாகூர்
திங்கள், பகல் 12:15

அக்கா, அந்தக் கணினியை எத்தனை நாளாக அணைக்கவில்லை?

லாசுப்பேட்டை லேப்
திங்கள், பகல் 12:22

ஒன்பது நாள் இருக்கும். மாணவர்களின் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாகூர்
திங்கள், பகல் 12:50

தம்பி, அலைக்கு நேரத்தை ஸ்டெடி கிளாக்கிலிருந்து (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) எடுத்து அப்படியே ஃப்ளோட்டாக (32 பிட் தசம எண்) மாற்றி அனுப்புகிறீர்கள். லினக்ஸில் அது கணினி எழுந்த நொடியிலிருந்து எண்ணுகிறது. ஒன்பது நாள் என்றால் ஏழே முக்கால் லட்சம் நொடிக்கு மேல். அந்த அளவில் ஃப்ளோட்டால் பிரித்துச் சொல்ல முடிந்த மிகச் சிறிய இடைவெளி 0.0625 நொடி. திரை நொடிக்கு 60 முறை மாறினாலும் அலை 16 முறைதான் நகரும். நிரல் தொடங்கிய நேரத்தை டபுளில் (64 பிட் தசம எண்) வைத்துக்கொண்டு, கழித்த பிறகு ஃப்ளோட் ஆக்குங்கள்.

கெடிலக்கரை
திங்கள், இரவு 8:30

ஒரே வரி. மாற்றி அனுப்பிவிட்டேன். நான் தினமும் இரவில் கணினியை அணைத்துவிடுவதால் இது என் கண்ணில் பட வழியே இல்லை.

லாசுப்பேட்டை லேப்
செவ்வாய், காலை 9:50

கணினியை அணைக்காமலே ஓட்டிப் பார்த்தேன். கெடில முகத்துவாரத்தில் அலை ஒரே சீராக வந்து போகிறது. வெள்ளிக்கிழமை கண்காட்சிக்கு நானும் நான்கு மாணவிகளும் காலை பஸ்ஸில் வருகிறோம். மாற்று ஏற்பாடாக ஆய்வக லேப்டாப் ஒன்றையும் கொண்டு வருகிறேன். உங்கள் நிரலை இன்று இரவே அதில் போட்டு, முதலில் அந்த மூன்று வரியைப் பார்த்துவிடுகிறேன்.